அடுப்பு முன்னால் இருந்தவள் எப்படிச் செத்தாள்?

(டிசம்பர் 10, மனித உரிமை நாளையொட்டி வத்திராயிருப்பில் நடந்த கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் நம் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கான்சாபுரம், மகாராஜபுரம், சுந்தரபாண்டியம் என்று பஸ் பார்த்து வந்திருக்கிறீர்கள். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருக்கிறது. மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். இன்றைக்குப் பேசுவதாக இருந்தது வங்கிக் கடன் தவணை பற்றி. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்போம். போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சு எங்களைத் தூங்க விடவில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் பேச முடியாது என்று தோன்றியது.

என்ன நடந்தது? துணிப்பை தைக்கிற ஆர்டர் ஒன்று பெரிதாக வந்திருந்தது. நம் உறுப்பினர்கள் மட்டும் தைத்தால் நாள் போதாது. நம் மாவட்டத்தில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில் நன்றாகத் தைக்கிற பெண்கள் குழு இருக்கிறது, அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கலாமா என்று கேட்டோம். உடனே ஒரு அக்கா, "அவங்களுக்குத்தான் கவர்மென்ட் மாசாமாசம் பணம் குடுக்குதே, நம்ம பிழைப்பையும் பங்கு போடணுமா?" என்றார். இது நியாயமான கேள்விதான், இதற்குக் கடைசியில் வருகிறோம். அதன் பிறகு, சுவர் ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "சண்டை பட்டாளத்துக்கும் இயக்கத்துக்கும்தானே? அவங்க சுட்டாங்க, செத்தாங்க, சரி. அடுப்பு முன்னால இருந்தவ எப்படிச் செத்தா?"

நாங்கள் சமூகப்பணி படித்தவர்கள். மனித உரிமை என்று ஒரு தாள் எழுதித் தேர்வும் பாஸ் செய்தவர்கள். அந்த இடத்தில் பதில் வரவில்லை. அடுத்த மாதம் சொல்கிறோம் பெரியம்மா என்று சமாளித்துவிட்டு வந்தோம்.

பெரியம்மா கேட்டது உலகத்திலேயே பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்துப் போட்ட விஷயம். 1859இல் இத்தாலி நாட்டில் சோல்பரீனோ என்ற இடத்தில் ஒரு பெரிய போர். ஒரே நாளில் பல ஆயிரம் பேர் விழுந்து கிடந்தார்கள். பக்கத்தில் காஸ்டிலியோனே என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பெண்கள், இவன் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். தொழில் விஷயமாக அந்தப் பக்கம் வந்த ஹென்றி டியூனாண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இதைப் பார்த்து, தானும் சேர்ந்து வேலை செய்து, பிறகு புத்தகம் எழுதினார். அதிலிருந்து 1863இல் பிறந்ததுதான் செஞ்சிலுவைச் சங்கம். டியூனாண்ட் பெயர் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தண்ணீர்க்குடம் தூக்கிய பெண்கள் பெயர் இல்லை. அது நமக்குப் பழக்கமான கதைதானே.

இரண்டாம் உலகப் போரில் கோடிக்கணக்கான சாதாரண ஜனங்கள் செத்த பிறகு, 1949இல் ஜெனீவா நகரத்தில் நான்கு ஒப்பந்தங்கள் போட்டார்கள். நான்காவது ஒப்பந்தம் முழுக்க நம்மைப் போன்றவர்களுக்கு, அதாவது ஆயுதம் எடுக்காத பொதுமக்களுக்கு. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. நாட்டுக்குள்ளேயே நடக்கிற சண்டைக்கும் பொருந்துகிற பகுதி அந்த நான்கிலும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், சண்டை போடுகிறவனையும் போடாதவனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி மேல் குண்டு போடக்கூடாது. காயம்பட்டவன் எதிரியானாலும் வைத்தியம் பார்க்க வேண்டும். ஜனங்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கக்கூடாது. ஜனங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுடக்கூடாது. பிடித்த ஆளைக் கொல்லக்கூடாது. இதில் சில விதிகள் பிறகு 1977இல் விரிவாக எழுதப்பட்டன. அதில் இந்தியாவும் இலங்கையும் சேரவில்லை. ஆனாலும் அடிப்படை விதிகள் வழக்காறாகவே எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும் என்றுதான் சட்டம் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆக, அடுப்பு முன்னால் இருந்தவள் சாகக்கூடாது என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம் எப்படிச் செத்தாள்? அதைத்தான் பார்க்க வேண்டும். வெகுதூரம் போக வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம், கடல் தாண்டி, வன்னி என்கிற பகுதி. 2008 கடைசியில் இருந்து 2009 மே மாதம் வரை அங்கே நடந்தது.

முகாமில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். அவர் 1990இலேயே மன்னார்ப் பக்கத்தில் இருந்து படகில் வந்துவிட்டார். தங்கை அங்கேயே தங்கிவிட்டாள். போர் முடிந்து பல மாதம் கழித்துத்தான் தங்கை உயிரோடு இருக்கும் சேதி வந்திருக்கிறது. அக்கா சொன்னார்: "தங்கச்சி கிளிநொச்சியில இருந்து வெளிக்கிடேக்க ட்ராக்டர் நிறையச் சாமான். தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் எண்டு ஒவ்வொரு இடமா இடம்பெயர, ட்ராக்டர் போயிற்று, பிறகு சைக்கிள் போயிற்று. கடைசியா முள்ளிவாய்க்காலில ஒரு பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். மூண்டு பிள்ளையளோட வெளிக்கிட்டவள்." இதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த ஊர்ப் பெயர்கள் வெறும் வழி இல்லை. ஏன் அந்தப் பாதையில் ஜனம் போனது என்பதில்தான் பெரியம்மாவுக்குப் பதில் இருக்கிறது. 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி ராணுவத்தின் கையில் விழுந்தது. ஜனவரி 21ஆம் தேதி இலங்கை அரசு சுதந்திரபுரம் பகுதியில் சுமார் 35 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. இங்கே வாருங்கள், இங்கே சுட மாட்டோம் என்றது. ஜனம் போனது. ஐ.நா. உணவு லாரிகளோடு வந்த அலுவலர்கள் சிலரும் அங்கே குழி வெட்டித் தங்கி, நாங்கள் இந்த இடத்தில் இருக்கிறோம் என்று ராணுவத்துக்குக் குறிப்பும் கொடுத்திருந்தார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் அந்த இடத்திலேயே ஷெல் விழுந்து, லாரியைச் சுற்றிப் படுத்திருந்த ஜனங்கள் செத்தார்கள்.

பிப்ரவரி 12ஆம் தேதி இரண்டாவது வலயம். புதுமாத்தளன் கடற்கரை ஓரமாகச் சுமார் 14 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் என்கிற காயல். மே 8ஆம் தேதி மூன்றாவது வலயம். அது இரண்டு மூன்று சதுர கிலோமீட்டர்தான். அந்த ஊர்தான் முள்ளிவாய்க்கால். காலையில் புல்லறுக்கப் போய் வெயில் ஏறுமுன் திரும்பி வருகிற தூரத்துக்குள் லட்சம் பேர். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் தார்ப்பாய். அந்த நெருக்கத்தில் பீரங்கிக் குண்டு எங்கே விழுந்தாலும் யார் மேலாவதுதான் விழும். பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிற விதி அங்கே எப்படி நிற்கும்? பெரியம்மா, அவள் அடுப்பை விட்டு ஓடவில்லை என்று செத்தவள் இல்லை. ஓடு என்று சொன்ன இடத்துக்கு அடுப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று தரம் ஓடினவள்.

குழி வெட்டிப் பதுங்குவார்கள். பங்கர் என்று சொல்வார்கள். கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். மண் மூட்டை அடுக்கினால்தான் நிற்கும். சாக்குக்கு எங்கே போவது? பெட்டியில் இருந்த சேலைகளை எடுத்துத் தைத்துப் பை ஆக்கினார்கள். கல்யாணப் பட்டுச் சேலை உட்பட. இங்கே தையல் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு சேலைக்கு எத்தனை பை வரும் என்று மனதுக்குள் கணக்குப் போடுவீர்கள். நாங்களும் போட்டோம். அப்புறம் அந்தக் கணக்கை நிறுத்திவிட்டோம்.

இப்போது இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் இங்கேயே சிலருக்குக் கோபம் வரலாம். அந்தக் கடற்கரையை விட்டு வெளியேற நினைத்த ஜனங்களை விடுதலைப் புலிகள் போக விடவில்லை. தப்பிப் போனவர்களைச் சுட்டும் இருக்கிறார்கள். கடைசி மாதங்களில் பதினான்கு பதினைந்து வயசுப் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகளைக் காப்பாற்ற அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் உண்டு, பங்கருக்குள் ஒளித்து வைத்தவர்கள் உண்டு. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை இரண்டு பக்கத்துக் குற்றங்களையும் எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு மறு பக்கத்தை விழுங்கினால், அந்த அம்மாமாருக்கு நாம் துரோகம் செய்கிறோம். முகாம் அக்காவே சொன்னார், "முன்னால ஆமி, பின்னால பெடியள், நடுவில சனம்" என்று.

நம் நாட்டுக் கணக்கையும் மறைக்க வேண்டாம். 1987இல் அமைதிப்படை என்று போன நம் ராணுவம், அக்டோபர் 21ஆம் தேதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1990 அக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் மக்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் ஊரை விட்டே விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். விதியை மீறாத கை என்று எதையும் காட்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரி என்றதும் நம்ம பக்கத்து விஷயம் ஒன்று. ராஜபாளையம், சத்திரப்பட்டித் தறிகளில் ஓடுகிற பேண்டேஜ் துணி எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அந்த வேலைக்கே போகிறீர்கள். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று செஞ்சிலுவைச் சங்கம் ராணுவத்துக்குத் தெரிவித்திருந்தது. ஜனவரி கடைசியில் இருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை அதன் மேல் திரும்பத் திரும்ப ஷெல் விழுந்தது. அப்புறம் புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பிறகு முள்ளிவாய்க்கால். அங்கே மயக்க மருந்து இல்லை, இரத்தம் ஏற்ற வசதி இல்லை, கட்டுத்துணி போதவில்லை. மயக்க மருந்து இல்லாமலே கால் கை எடுத்திருக்கிறார்கள். நம்ம ஊர்த் தறியில் ஒரு நாளில் எத்தனை மீட்டர் ஓடுகிறது! கடல் வழியாகச் சில மணி நேரத் தூரம்தான்.

பிப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் கப்பல் அந்தக் கரைக்கு வந்து, காயம்பட்டவர்களையும் உடன் இருந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 14 ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போனது. அதில் ஒரு பகுதியினருக்குப் புல்மோட்டையில் இந்தியாவில் இருந்து போன மருத்துவக் குழு வைத்தியம் பார்த்தது. அந்தச் சட்டமும் அந்தச் சின்னமும் முழுக்கப் பொய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 14 ஆயிரம் உயிர் சின்னக் கணக்கு இல்லை. மே 9க்குப் பிறகு அந்தக் கப்பலும் கரைக்கு வர முடியவில்லை.

இனி, எங்கள் மனதில் முள்ளாக நிற்கிற விஷயத்துக்கு வருகிறோம். கணக்கு.

நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். நாள் முழுக்க மண் சுமந்திருப்போம். மஸ்டர் ரோலில் பெயர் விட்டுப் போனால் கூலி இல்லை. ரேஷன் கார்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு அரிசி இல்லை. அதுபோலத்தான் போரிலும். 2009 பிப்ரவரியில் வன்னியில் எத்தனை ஜனம் இருக்கிறது என்று கேட்டால், இலங்கை அரசு சொன்னது சுமார் 70 ஆயிரம். அங்கேயே இருந்து வேலை பார்த்த அரசு அதிகாரிகள், வீடு வீடாகத் தெரிந்தவர்கள், அனுப்பிய கணக்கு 3 லட்சத்து 30 ஆயிரம். நம் விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்குப்படி 19 லட்சத்துக்கு மேல். அதில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 ஆயிரம் பேருக்கு என்று அரிசி அனுப்பினால் மூன்று லட்சம் பேர் எதைச் சாப்பிடுவார்கள்? உப்புப் போட்ட கஞ்சிதான். அதற்கும் வரிசை. இன்றைக்கும் மே மாதம் வந்தால் அந்த ஊர்களில் ஒரு சிரட்டைக் கஞ்சி கொடுத்துத்தான் நினைவுநாள் நடத்துகிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் அரசு பத்தாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள் என்றது. ஐ.நா. மதிப்பீடு 1 லட்சத்து 27 ஆயிரம். யார் கணக்கு சரி என்று பிறகு தெரிந்தது. போர் முடிந்ததும் முள்வேலி போட்ட முகாம்களில் அடைக்கப்பட்டவர்களே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். ஆளே இல்லை என்று எழுதிவிட்டால், செத்தவளும் இல்லாதவள் ஆகிவிடுகிறாள்.

இதே கணக்குக்காகத்தான் சாட்சிகளும் இல்லாமல் போனார்கள். 2008 செப்டம்பரில், உங்கள் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அரசு சொன்னதும், ஐ.நா.வின் வெளிநாட்டு அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். ஜனங்கள் வாசலில் வந்து நின்று போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். அரிசி மூட்டைக்காக மட்டும் அவர்கள் கெஞ்சவில்லை. வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தால் அடிக்கிற கை கொஞ்சம் யோசிக்கும் என்பது நமக்குக்கூடத் தெரியும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற வீட்டு வாசலில் நம் குழுப் பெண்கள் பத்துப் பேர் போய்ச் சும்மா நின்றாலே என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறோமே. ஐ.நா.வே 2012இல் தன்னைத் தானே விசாரித்து, நாங்கள் அங்கே தவறிவிட்டோம் என்று அறிக்கை போட்டது. கடைசிவரை அங்கே இருந்து எண்ணிக்கை சொன்னவர்கள் அந்த அரசாங்க டாக்டர்கள்தான். மே மாதம் அவர்களைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். ஜூலையில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார வைத்தபோது, நாங்கள் முன்பு சொன்ன எண்ணிக்கை அதிகப்படியானது என்றார்கள். காவலில் இருக்கிறவர் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்? ஐ.நா. நிபுணர் குழு 40 ஆயிரம் வரை இருக்கலாம் என்றது. 2012 அறிக்கை 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்றது. முழுமையான பெயர்ப் பட்டியல் இன்றுவரை இல்லை. நம் குழுவில் பத்து ரூபாய் இடித்தாலும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிறோம்.

ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறோம். 2009 ஏப்ரல் 8. அம்பலவன்பொக்கணை என்ற இடத்தில் சுகாதாரத் துறை குழந்தைகளுக்குப் பால்மாவு கொடுத்தது. அம்மாமார் கைக்குழந்தையோடு, கையில் பால்மாவு அட்டையோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை மேல் ஷெல் விழுந்தது. செத்துக் கிடந்த தாய்மாரில் சிலர் கையில் அந்த அட்டை அப்படியே இருந்தது என்று ஐ.நா. அறிக்கை எழுதுகிறது. பெரியம்மா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் எங்களிடம் இருக்கிற பதில். காசாவில் 2025இல் மாவுக்கு வரிசையில் நின்றவர்கள் செத்ததை டி.வி.யில் பார்த்தபோதும் எங்களுக்கு இந்த அட்டைதான் ஞாபகம் வந்தது.

(இந்த இடத்தில் கூட்டத்தில் சற்று நேரம் பேச்சு நின்றது. தண்ணீர் கொடுக்கப்பட்டது. பிறகு உரை தொடர்ந்தது.)

2009 மே மாதம் 18, 19 தேதிகளோடு போர் முடிந்தது. அப்புறம்? மெனிக் பாம் என்ற முகாமில் முள்வேலிக்குள் ஜனம். அது மூடப்பட்டது 2012 செப்டம்பரில். ராணுவத்திடம் சரணடைந்த கணவனை, கையில் பிடித்து ஒப்படைத்த மகனை இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்மாமார் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்தப் போராட்டம் நடக்கிறது. உட்கார்ந்த தாய்மாரில் பலர் பதில் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். காணாமல் போனோருக்கு என்று அரசு ஒரு அலுவலகம் திறந்தது. இழப்பீடு தருகிறோம், சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இந்த அம்மாமார், பணம் வேண்டாம், எங்கே என்று சொல்லு என்கிறார்கள்.

நம் குழுக்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. ஆண் துணை இல்லாத அந்த வீடுகளைத் தேடிப் போர் முடிந்ததும் கடன் கம்பெனிகள் போயின. அங்கே அதற்கு நுண்கடன் என்று பெயர். வாரா வாரம் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. தற்கொலைகளும் நடந்தன. கடைசியில் 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக இலங்கை அரசு அறிவித்தது. இந்த ஊரிலும் வாரக்கடன்காரர்கள் எந்தத் தெருவுக்கு வருகிறார்கள் என்று சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவோம். இப்போது வேண்டாம், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டீர்கள்.

சரி, முதல் அக்கா கேட்ட கேள்வி. கவர்மென்ட் பணம் கொடுக்கிறதே?

கொடுக்கிறது. 1983க்குப் பிறகு பல கட்டமாக மூன்று லட்சம் பேருக்கு மேல் அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பாதிக்கு மேல் திரும்பிப் போனார்கள், வேறு நாட்டுக்கும் போனார்கள். 2021 கணக்கில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். நம் மாவட்டத்தில் குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் ராஜபாளையம் பக்கம் மொட்டமலையிலும் முகாம்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்கிற பெயரை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சின்னப் பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தியது. 7,469 புது வீடுகள் கட்ட உத்தரவு போட்டது. பத்துக்குப் பத்து அறையில் மகனும் மருமகளும் மாமியாரும் முப்பது வருஷம் படுத்து எழுந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான்.

ஆனால் அந்த அக்காவின் மகள் இங்கே பிறந்தவள். இங்கே பள்ளிக்கூடம், இங்கே காலேஜ். அவள் இந்தியப் பிரஜை இல்லை. அரசு வேலைக்கு எழுத முடியாது. சொந்தமாகக் காணி வாங்க முடியாது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. ஓட்டு இல்லாதவர்களுக்காக ஓட்டுக் கேட்டு யாரும் தெருவுக்கு வருவதில்லை. முகாமுக்கு வெளியே போய் இரவு தங்க வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாளைக்கு நமக்கு 1,500 ரூபாய் தருகிறோம், இப்படி இரு என்றால் இருப்போமா? நாங்கள் கேட்டுப் பார்த்த வரை அந்தப் பெண்கள் கேட்பது இலவசம் இல்லை. "வேலை இருந்தாத் தாங்கோ, அளவு சரியாத் தைச்சுத் தருவம்" என்றார்கள். அளவு என்பதை இரண்டு தரம் சொன்னார்கள்.

மாதிரிக்கு அவர்கள் தைத்த ஐந்து பை மேசை மேல் இருக்கிறது. புரட்டிப் பாருங்கள். கைப்பிடியில் போட்டிருக்கிற இரட்டைத் தையலைப் பார்த்தால் நம்மவர்கள் சிலர் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்டரைப் பங்கு போடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நாங்கள் தீர்மானம் எழுதிக்கொண்டு வரவில்லை. ஒவ்வொரு குழுவும் தன் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்தோடு இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் காரணத்தை எழுதுங்கள்.

அதற்கு முன்னால் அந்தப் பெண்களை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்காக ஒரு ஏற்பாடு. முகாமுக்குள் வெளியாட்கள் போக அனுமதி வாங்க வேண்டும். மனு கொடுத்திருக்கிறோம். கிடைத்தால் 20ஆம் தேதி போகலாம். கிடைக்காவிட்டால் அவர்கள் நான்கைந்து பேர் அன்றைக்கு இங்கே வருகிறோம் என்றிருக்கிறார்கள். வேன் வாடகைக்கு ஆளுக்கு 60 ரூபாய். இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். முதல் பெயர், அந்தக் கேள்வி கேட்ட பெரியம்மாவுடையது. அவர் 60 ரூபாயோடு, "அந்தப் புள்ளைக்குக் குடு" என்று கால் படி பச்சரிசி மாவும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மாவு கெடுவதற்குள் அனுமதி வர வேண்டும். மற்றவர்கள் கிளம்புவதற்குள் ஊக்குநரிடம் பெயரும் பணமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சாப்பிடலாம். வாரக்கடன் பேச்சு சரியாக 2 மணிக்கு.